ஒன்றரைக் கோடி டாலரை வேண்டாம் என்ற வீரர்!

கையெழுத்துப் போட மறுத்தார். ஓர் ஆண்டு முழுவதும் வீட்டிலேயே இருந்தார்

2018-ம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ந் தேதி. செவ்வாய்க்கிழமை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு நகரம் இருக்கிறது. இரும்பு ஆலைகளுக்குப் பெயர் போன ஊர். அன்று அந்த ஊர் ரசிகர்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

மணி 2 அடித்தது. 3 அடித்தது. அவர் வரவில்லை.

மாலை 4 மணிக்குள் அவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால், மிச்சம் இருக்கும் 7 வாரங்களுக்குச் சுமார் 60 லட்சம் டாலர் கிடைக்கும். போடாவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் அவர் மைதானத்தில் இறங்க முடியாது. ஒரு காசும் கிடைக்காது.

மணி 4 அடித்தது. அவர் வரவே இல்லை!

அவர் பெயர் லெவியான் பெல். வயது 26. அமெரிக்காவிலேயே தலைசிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவர். அந்த ஆண்டு அவருக்கு வைத்திருந்த சம்பளம் 1 கோடியே 45 லட்சத்து 44 ஆயிரம் டாலர். வாரத்துக்கு 8 லட்சத்து 55 ஆயிரம் டாலர்! அத்தனையையும் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏன்? அவருக்குப் பைத்தியமா? பேராசையா? அல்லது நியாயமான கோபமா?

அமெரிக்கா முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்டது. அதற்கு விடை தெரியவேண்டும் என்றால், முதலில் அந்த விளையாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உதைக்காத கால்பந்து

அமெரிக்கர்கள் அதற்குக் கால்பந்து என்றுதான் பெயர் வைத்து இருக்கிறார்கள். ஆனால் காலால் உதைப்பது கொஞ்சம்தான். பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு பக்கமும் கூராக, மாங்கொட்டைபோல இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். அல்லது எறிந்து பிடிக்கவேண்டும்.

ஒரு கோஷ்டிக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். எதிராளியின் எல்லைவரை பந்தைக் கொண்டுபோனால் வெற்றிப் புள்ளி.

கொண்டுபோவது எளிதல்ல. எதிரே 11 பேர் நிற்பார்கள். ஒவ்வொருவரும் மலைபோல இருப்பார்கள். சடுகுடுவில் பிடிப்பதுபோல் பாய்ந்து பிடிப்பார்கள். இடித்துக் கீழே தள்ளுவார்கள். தலையில் இரும்புத்தொப்பி போன்ற கவசமும், தோளில் பட்டையும் போட்டுக்கொண்டுதான் ஆடுவார்கள். அப்படியும் எலும்பு முறியும், முழங்கால் பிசகும், மூளை அதிரும்.

பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு இந்தக் கூட்டத்துக்குள் பாய்கிறவருக்கு "ரன்னிங் பேக்" என்று பெயர். ஓட்டக்காரர் என்று சொல்லலாம். அதிகமாக அடிபடுகிறவர்களில் முதல்வர் அவர்தான்.

லெவியான் பெல் இந்த வேலையைத்தான் செய்தார். 2017-ம் ஆண்டு பந்தயங்களில் அவர் 406 தடவை பந்தோடு ஓடினார். அந்த ஆண்டு வேறு எவருமே இவ்வளவு தடவை பந்தைச் சுமக்கவில்லை. 406 தடவை என்றால், ஏறக்குறைய 406 தடவை யாராவது அவரை இடித்துக் கீழே தள்ளினார்கள் என்று பொருள்!

இப்படி அடிவாங்கும் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? இந்த விளையாட்டில் ஒரு வீரரின் வாழ்வு சராசரியாக மூன்று ஆண்டுக்குச் சற்று அதிகம்தான் என்று வீரர்கள் சங்கம் கணக்குச் சொல்கிறது. ஓட்டக்காரர்களுக்கு 30 வயது நெருங்கினாலே "கிழவர்" என்று பெயர் வந்துவிடும்.

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது பழமொழி. அமெரிக்கக் கால்பந்து வீரருக்குக் காற்று கொஞ்ச நேரம்தான் வீசும்.

வீரருக்கு விருப்பம் இல்லை

அமெரிக்காவில் இந்த விளையாட்டை நடத்தும் சங்கத்துக்கு தேசிய கால்பந்து லீக் என்று பெயர். அதில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே பெரும் பணக்கார முதலாளிகளுக்குச் சொந்தம்.

காலேஜில் நன்றாக ஆடும் இளைஞர்களை ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கோஷ்டிகள் வரிசைப்படி தேர்ந்து எடுக்கும். எந்த ஊருக்குப் போகலாம் என்று இளைஞன் முடிவு செய்ய முடியாது. எடுத்த கோஷ்டிக்குத்தான் போகவேண்டும். நான்கு ஆண்டு ஒப்பந்தம். சம்பளமும் ஏறக்குறைய முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடும்.

பெல்லை பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கோஷ்டி 2013-ல் எடுத்தது. நான்கு ஆண்டுக்குச் சேர்த்து அவருக்குக் கிடைத்தது சுமார் 40 லட்சம் டாலர். பெரிய தொகைதான். ஆனால், அவரைவிடக் குறைவாக ஆடிய பலர் அதைப்போலப் பல மடங்கு வாங்கிக்கொண்டு இருந்தார்கள்.

நான்கு ஆண்டு முடிந்தபிறகு விடுதலை. எந்தக் கோஷ்டி அதிகம் தருகிறதோ அதற்குப் போகலாம். இளைஞர்கள் காத்து இருப்பது அந்த நாளுக்காகத்தான்.

ஆனால் அந்த வாசலில் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் பெயர் "பிரான்சைஸ் டாக்". ஆளின்மேல் குத்தும் ஒரு முத்திரை!

பூட்டு எப்படி வந்தது?

இந்தப் பூட்டுக்கு ஒரு பழைய கதை உண்டு.

ஒரு காலத்தில் வீரர்களுக்கு விடுதலையே கிடையாது. ஒரு வீரரை வேறு கோஷ்டி அழைத்துக்கொண்டால், அதற்கு ஈடாகப் பழைய கோஷ்டிக்கு வேறு ஆட்டக்காரர்களைக் கொடுக்கவேண்டும். யாரைக் கொடுப்பது என்பதில் தகராறு வந்தால் லீக் தலைவர் தீர்ப்புச் சொல்வார். என்ன தீர்ப்பு வருமோ என்று பயந்து யாரும் யாரையும் அழைக்கவில்லை.

பால்டிமோர் கோஷ்டியில் ஆடிய ஜான் மேக்கி என்ற வீரர் இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். வீரர்கள் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் அவர். 1976-ல் மேல் கோர்ட்டும் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் முதலாளிகள் வேறு வேறு வழிகளைக் கண்டுபிடித்தார்கள்.

1987-ல் வீரர்கள் எல்லோரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். 24 நாள் நடந்தது. முதலாளிகள் அசையவில்லை. கிடைத்த ஆட்களைப் பிடித்து வந்து பந்தயங்களை நடத்தினார்கள்! வேலைநிறுத்தம் தோற்றது.

வீரர்கள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்கள். பிரீமன் மெக்நீல் முதலிய 8 வீரர்கள் தொடுத்த வழக்கில், 1992-ல் மினியாபோலிஸ் நகர் ஜூரிகள் வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறினார்கள். அதன்பிறகு ரெஜி ஒயிட் என்ற பெரிய வீரரின் பெயரில் இன்னொரு வழக்கு வந்தது. இனி தாங்காது என்று முதலாளிகள் சமரசத்துக்கு வந்தார்கள்.

1993-ல் வீரர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஒப்பந்தம் முடிந்தால் வேறு கோஷ்டிக்குப் போகலாம்!

ஆனால் முதலாளிகள் ஒரு நிபந்தனை போட்டார்கள். "எங்கள் கோஷ்டிக்கு உயிர்போன்ற ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும் ஆண்டுதோறும் நிறுத்திவைத்துக்கொள்ள உரிமை வேண்டும்" என்றார்கள். சங்கம் சம்மதித்தது.

அதுதான் முத்திரை.

முத்திரை குத்தினால் என்ன ஆகும்?

ஒப்பந்தம் முடியும் வீரர் ஒருவர்மீது கோஷ்டி முத்திரை குத்தலாம். குத்திவிட்டால் அவர் இன்னும் ஓர் ஆண்டு அங்கேயே ஆடவேண்டும்.

சம்பளம் குறைவாக இருக்காது. அதே வேலை செய்பவர்களில் மிக அதிகமாகச் சம்பளம் வாங்கும் ஐந்து பேரின் சராசரியை ஒட்டி அது கணக்கிடப்படும். அல்லது அவருடைய போன ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் நூற்றுக்கு 20 கூட்டிக் கொடுக்கவேண்டும். எது அதிகமோ அது. மூன்றாவது தடவையும் குத்தினால் இன்னும் கடுமையாக விலை ஏறும்.

வேறு கோஷ்டி அவரை விரும்பினால்? பெரும்பாலான முத்திரைகளில் அதற்கும் வழி உண்டு. ஆனால் பழைய கோஷ்டி விட்டுக்கொடுத்தால், புதிய கோஷ்டி தன்னுடைய இரண்டு ஆண்டு முதல் தேர்வு உரிமைகளை ஈடாகக் கொடுக்கவேண்டும். அவ்வளவு விலை கொடுக்க யாரும் துணிவது இல்லை.

"கோடிக்கணக்கில் சம்பளம் கிடைக்கிறதே! பிறகு என்ன குறை?" என்று கேட்கலாம்.

குறை இதுதான்: அது ஓர் ஆண்டுக்கு மட்டுமே!

அந்த ஆண்டில் முழங்கால் முறிந்தால் அடுத்த ஆண்டு யாரும் கேட்கமாட்டார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்றால் முன்பணமாகவே பெரிய தொகை கைக்கு வந்துவிடும். கால் முறிந்தாலும் குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

அங்கே இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும், கோஷ்டி நினைத்தால் பாதியில் அனுப்பிவிடலாம். "உறுதி" என்று ஒப்பந்தத்தில் எழுதிய பணம்தான் நிச்சயம். மீதி எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்!

அதனால்தான் அமெரிக்க வீரர்கள் "மொத்தம் எத்தனை கோடி?" என்று கேட்பது இல்லை. "உறுதி எத்தனை கோடி?" என்றுதான் கேட்பார்கள்.

பெல் கேட்டது என்ன?

2017-ல் பெல்மீது முதல் முத்திரை விழுந்தது. சம்பளம் 1 கோடியே 21 லட்சம் டாலர். முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். 406 தடவை அடிபட்டது அந்த ஆண்டில்தான்.

2018-ல் இரண்டாவது முத்திரை. சம்பளம் 1 கோடியே 45 லட்சமாக உயர்ந்தது.

ஐந்து ஆண்டுக்கு 7 கோடி டாலர் தருவதாகவும் ஸ்டீலர்ஸ் கூறியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் அதில் உறுதிப்பணம் குறைவு என்று பெல் தரப்பில் மறுத்துவிட்டார்கள்.

2015-ல் ஒரு பந்தயத்தில் பெல்லின் முழங்கால் கிழிந்து, பாதி ஆண்டு வீட்டில் கிடந்தவர் அவர். அந்த வலியை அவர் மறக்கவில்லை. "இன்னும் ஓர் ஆண்டு 400 தடவை அடிபட்டால் பிறகு என்னை யார் எடுப்பார்கள்?" என்பதே அவருடைய கேள்வி.

பெல் ஆடும்போது ஒரு வழக்கம் உண்டு. பந்தை வாங்கியதும் உடனே பாயமாட்டார். ஒரு கணம் நிற்பார். எதிரே சந்து தெரியும்வரை பொறுமையாகக் காத்து இருப்பார். தெரிந்ததும் அம்புபோலப் பாய்வார். மைதானத்தில் கைகொடுத்த அந்தப் பொறுமையை அவர் மைதானத்துக்கு வெளியேயும் காட்டினார்.

கையெழுத்துப் போடவில்லை. காத்து இருந்தார்.

சட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருந்தது. ஒப்பந்தம் போட்ட வீரர் வராவிட்டால் அபராதம் விதிக்கலாம். ஆனால் முத்திரைக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதவர் வேலைக்காரரே அல்ல. அவரிடம் அபராதம் கேட்க முடியாது. அவருக்குச் சம்பளமும் இல்லை. அவர் வேறு எங்கும் போகவும் முடியாது.

இது ஒற்றை ஆள் வேலைநிறுத்தம்!

புற்றுநோயை வென்றவர் வந்தார்

செப்டம்பர் மாதம் பந்தயங்கள் தொடங்கின. பெல் வரவில்லை. கூட ஆடிய தோழர்களுக்கே கோபம் வந்துவிட்டது. அவருக்காக வழி அமைத்துக் கொடுக்கும் பெருத்த உடம்பு வீரர்கள், நிருபர்களிடம் வெளிப்படையாகக் குறை கூறினார்கள். அவர்களில் பலருக்குச் சம்பளம் பெல்லைவிடக் குறைவு.

பெல்லின் இடத்தில் ஜேம்ஸ் கானர் என்ற இளைஞர் இறங்கினார்.

கானர் பிட்ஸ்பர்க் நகரக் காலேஜிலேயே படித்தவர். படிக்கும்போது, 2015-ல், அவருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை பெற்றுப் பிழைத்து எழுந்து, மறுபடியும் பந்தைக் கையில் எடுத்தவர். ஊர் முழுவதும் அவரைத் தன் பிள்ளையாக நினைத்தது.

செப்டம்பர் 9-ந் தேதி முதல் பந்தயத்தில் கானர் 135 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு முடிவதற்குள் 12 தடவை எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடிப் புள்ளிகள் எடுத்தார். அவருடைய சம்பளம் பெல்லுக்கு வைத்திருந்ததில் ஒரு சிறு துண்டுகூட இல்லை!

ஒற்றை ஆள் வேலைநிறுத்தத்தின் பலவீனம் அங்கேதான் வெளிப்பட்டது. ஒருவர் இல்லாவிட்டால் ஆட்டம் நின்றுபோனால்தான் முதலாளி இறங்கி வருவார். வேறு ஒருவர் வந்து அதே வேலையைச் செய்துவிட்டால்?

நவம்பர் 13-ந் தேதி கெடு முடிந்தது. மறுநாள், உடை மாற்றும் அறையில் பெல்லின் பெட்டியில் இருந்த காலணிகளைத் தோழர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கையாகத்தான் எடுத்தார்கள். ஆனால், "இனி நீ எங்களில் ஒருவன் அல்ல" என்பது அதன் பொருள்.

பெல் இல்லாத அந்தக் கோஷ்டியும் அவ்வாண்டு இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம்!

கால் முறிந்த இன்னொருவர்

அதே 2018-ல் அமெரிக்காவின் மறுகோடியில் உள்ள சியாட்டில் நகரில் இன்னொரு வீரருக்கும் இதே கவலை இருந்தது. அவர் பெயர் எர்ல் தாமஸ். தடுப்பு ஆட்டத்தில் புகழ் பெற்றவர். அவருக்கு ஒப்பந்தத்தில் கடைசி ஆண்டு. "புதிய ஒப்பந்தம் கொடுங்கள். இல்லாவிட்டால் வேறு கோஷ்டிக்கு அனுப்புங்கள்" என்று கேட்டுப் பயிற்சிக்கு வராமல் இருந்தார்.

ஆனால் பந்தயங்கள் தொடங்கும் நேரத்தில் அவர் மனம் மாறி வந்துவிட்டார். ஆடினார்.

செப்டம்பர் 30-ந் தேதி. நான்காவது வாரப் பந்தயம். எர்ல் தாமசின் கால் எலும்பு முறிந்தது!

வண்டியில் ஏற்றி அவரை வெளியே கொண்டுபோனார்கள். போகும்போது அவர் எதிராளியைப் பார்த்து அல்ல, தம் சொந்தக் கோஷ்டி உட்கார்ந்து இருந்த பக்கம் பார்த்து, கோபமாக விரலை நீட்டிக் காட்டினார். அந்தக் காட்சியை நாடு முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது.

வீட்டில் உட்கார்ந்து இருந்த பெல் பயந்தது இதற்குத்தான்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! கால் முறிந்த எர்ல் தாமசை அடுத்த ஆண்டு பால்டிமோர் கோஷ்டி நான்கு ஆண்டுக்கு 5½ கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. காலைக் காப்பாற்றிக்கொண்ட பெல்லை நியூயார்க் ஜெட்ஸ் கோஷ்டி நான்கு ஆண்டுக்கு 5¼ கோடி டாலருக்கு எடுத்தது.

பிடிவாதத்தால் வென்றவர்கள்

பெல்லுக்கு முன்பும் இப்படிப் பிடிவாதம் பிடித்தவர்கள் உண்டு.

வாஷிங்டன் கோஷ்டியில் ஜான் ரிக்கின்ஸ் என்ற ஓட்டக்காரர் இருந்தார். சம்பளத் தகராறில் 1980-ம் ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை. சொந்த ஊரான கான்சாஸ் பக்கம் போய்விட்டார். புதிய பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் அவரைத் தேடிக்கொண்டு நேரிலே போனார். 1981-ல் ரிக்கின்ஸ் திரும்பி வந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்ட நிருபர்களிடம், சலிப்பாக இருந்தது, கையில் காசும் இல்லை, அதனால் வந்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

1983 ஜனவரியில் நடந்த "சூப்பர் பவுல்" என்னும் மாபெரும் இறுதிப் பந்தயத்தில் அவர் 166 கெஜம் ஓடி வாஷிங்டனுக்கு வெற்றி தேடித் தந்தார்!

முழு வெற்றி பெற்றவர் எம்மிட் ஸ்மித். டல்லஸ் கோஷ்டியின் ஓட்டக்காரர். 1993 ஜனவரியில் டல்லஸ் சூப்பர் பவுலை வென்றது. ஸ்மித் அதிகச் சம்பளம் கேட்டார். முதலாளி ஜெரி ஜோன்ஸ் இணங்கவில்லை. ஸ்மித் வீட்டில் இருந்துவிட்டார்.

டல்லஸ் முதல் பந்தயத்தில் தோற்றது. இரண்டாவது பந்தயத்திலும் தோற்றது!

சில நாளில் முதலாளி இறங்கி வந்தார். நான்கு ஆண்டுக்கு 1 கோடியே 36 லட்சம் டாலர் கொடுத்தார். ஸ்மித் வந்தார். டல்லஸ் மறுபடியும் சூப்பர் பவுலை வென்றது. முதல் இரண்டு பந்தயங்களில் தோற்ற கோஷ்டி எதுவும் அதுவரை அப்படி வென்றது இல்லை.

ஸ்மித்துக்கும் பெல்லுக்கும் என்ன வித்தியாசம்? திறமையில் அல்ல. ஸ்மித்துக்குப் பதிலாக இறங்கியவரால் அவர் இடத்தை நிரப்ப முடியவில்லை. பெல்லுக்குப் பதிலாக இறங்கிய கானர் நிரப்பிவிட்டார்.

முத்திரையை ஏணியாக்கியவர்

கர்க் கசின்ஸ் என்பவர் வாஷிங்டன் கோஷ்டியின் "குவார்ட்டர்பேக்". அதாவது, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தளபதி.

அவர்மீது 2016-ல் முத்திரை விழுந்தது. சம்பளம் 1 கோடியே 99 லட்சம் டாலர். அவர் சண்டை போடவில்லை. கையெழுத்துப் போட்டு ஆடினார். 2017-ல் மறுபடியும் முத்திரை. சம்பளம் 2 கோடியே 39 லட்சம் டாலர். அப்போதும் ஆடினார்.

மூன்றாவது தடவை குத்தினால் விலை தாங்காது என்று கோஷ்டி விட்டுவிட்டது. 2018-ல் கசின்ஸ் மின்னசோட்டா கோஷ்டிக்குப் போனார். மூன்று ஆண்டுக்கு 8 கோடியே 40 லட்சம் டாலர். அத்தனையும் உறுதிப்பணம்!

ஆனால் எல்லோராலும் கசின்சைப்போலச் செய்ய முடியாது. குவார்ட்டர்பேக் 35 வயதுக்கு மேலும் ஆடலாம். ஆட்டத்துக்கு 25 தடவை கூட்டத்துக்குள் பாயும் ஓட்டக்காரருக்கு அந்த நேரம் இல்லை. ஒரே சட்டம், ஒருவருக்கு ஏணியாகிறது, இன்னொருவருக்கு விலங்காகிறது.

புதிய சட்டம், புதிய தந்திரம்

2020-ல் வீரர்களும் முதலாளிகளும் புதிய உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் பயிற்சிக்கு வராவிட்டால் நாள் ஒன்றுக்கு 50 ஆயிரம் டாலர் வரை அபராதம். முன்பெல்லாம் சமரசம் ஆனதும் கோஷ்டி அபராதத்தைத் தள்ளிவிடும். இப்போது, அனுபவம் பெற்ற வீரருக்கு அப்படித் தள்ளிவிடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

வீரர்கள் ஒரு புதிய தந்திரம் கண்டுபிடித்தார்கள். பயிற்சிக்கு வருவார்கள், கூட்டத்துக்கு வருவார்கள், ஆனால் ஆடமாட்டார்கள்! வேலைக்கு வந்து வேலை செய்யாமல் இருப்பது. வந்துவிட்டபடியால் அபராதம் இல்லை.

2021-ல் டி.ஜே. வாட் என்ற தடுப்பு வீரர் இப்படித்தான் செய்தார். பந்தயம் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது அவருக்கு நான்கு ஆண்டுக்கு 11 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. கொடுத்தது யார்? பெல்லுக்கு உறுதிப்பணம் தரத் தயங்கிய அதே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ்தான்!

2023-ல் கான்சாஸ் சிட்டி கோஷ்டியின் கிறிஸ் ஜோன்ஸ் பழைய முறையையே கையாண்டார். வரவே இல்லை. அபராதம் மட்டும் சுமார் 20 லட்சம் டாலர் ஆயிற்று. முதல் பந்தயம் நடந்தபோது அவர் மைதானத்தின் மாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் கோஷ்டி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது! சில நாளில் சமரசம் ஆயிற்று. அடுத்த ஆண்டு ஐந்து ஆண்டுக்கு 15 கோடியே 87 லட்சம் டாலர் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது.

பெல்லின் கணக்கு

பெல்லின் கதை எப்படி முடிந்தது?

ஜெட்ஸ் கோஷ்டிக்குப் போன முதல் ஆண்டில் அவர் ஓடியது 789 கெஜம்தான். ஓர் ஆண்டு ஆடாமல் இருந்த கால்களில் பழைய மின்னல் இல்லை. ஜெட்ஸ் கோஷ்டியும் பலவீனமான கோஷ்டி. அவருக்கு வழி அமைத்துக் கொடுக்க, பிட்ஸ்பர்க்கில் இருந்ததுபோல் ஆட்கள் அங்கே இல்லை.

2020 அக்டோபர் 13-ந் தேதி ஜெட்ஸ் அவரை அனுப்பிவிட்டது. அதன்பிறகு மூன்று கோஷ்டிகளில் கொஞ்சம் கொஞ்சம் ஆடினார். 2021-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. 2022-ல் குத்துச்சண்டை மேடை ஏறினார். பிட்ஸ்பர்க்கை விட்டுப் போனதுபற்றிப் பின்னாளில் அவரே வருத்தத்தோடு பேசி இருக்கிறார்.

அவர் செய்தது தவறா?

கணக்குப் பார்த்தால், 2018-ல் 1 கோடியே 45 லட்சம் டாலர் போயிற்று. ஜெட்சிடம் உறுதிப்பணமாக இரண்டரைக் கோடிக்கு மேல் வந்தது. பிட்ஸ்பர்க் முத்திரையில் ஆடிக் கால் முறிந்து இருந்தால் அந்த இரண்டரைக் கோடி வராமல் போய் இருக்கலாம். முறியாமல் இருந்து இருந்தால் இரண்டுமே கிடைத்து இருக்கலாம். எது நடந்து இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பணத்தைத் திரும்பவும் சம்பாதிக்கலாம். 26 வயதில் விட்ட ஓர் ஆண்டைத் திரும்பப் பெற முடியாது.

ஆனால் ஒன்று நிச்சயம். அவருடைய உடம்பை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்தவர்கள் பலர். அந்த உடம்புக்கு என்ன விலை என்று கேட்க அவருக்கும் உரிமை உண்டு. "நான் வரமாட்டேன்" என்பதைத் தவிர அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை.

பொறுத்தவர் ஓடினார்

இன்னொரு ஓட்டக்காரரின் கதையும் இருக்கிறது. பெயர் சாக்குவான் பார்க்லி. நியூயார்க் ஜயன்ட்ஸ் கோஷ்டியின் செல்லப்பிள்ளை.

2023-ல் அவர்மீது முத்திரை விழுந்தது. சம்பளம் 1 கோடியே 91 ஆயிரம் டாலர். நீண்ட ஒப்பந்தம் கேட்டார். கெடு நாளுக்குள் கிடைக்கவில்லை. பெல்லைப்போல வீட்டில் இருந்துவிடலாமா என்று யோசித்தார். கடைசியில் சற்று அதிகப் பணத்துக்கு ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஆடினார்.

2024-ல் ஜயன்ட்ஸ் அவரை விட்டுவிட்டது. பக்கத்து நகரமான பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் கோஷ்டி, மூன்று ஆண்டுக்கு 3 கோடியே 77 லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொண்டது.

அந்த ஆண்டு பார்க்லி 2,005 கெஜம் ஓடினார்! ஓர் ஆண்டில் இரண்டாயிரம் கெஜத்தைத் தாண்டியவர்கள் அதுவரை எட்டே பேர்.

2025 பிப்ரவரி 9-ந் தேதி ஈகிள்ஸ் சூப்பர் பவுலை வென்றது. அன்று பார்க்லிக்கு 28-வது பிறந்த நாள். அடுத்த மாதமே இன்னும் இரண்டு ஆண்டுக்கு 4 கோடியே 12 லட்சம் டாலர் ஒப்பந்தம் வந்தது. ஆண்டுக்கு 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஓட்டக்காரர் அவர்தான்.

பெல் காத்து இருந்தார், காற்று நின்றுவிட்டது. பார்க்லி ஆடினார், கால் முறியவில்லை. எர்ல் தாமசும் ஆடினார், கால் முறிந்தது. மூன்று பேரும் கோழைகள் அல்ல, முட்டாள்களும் அல்ல. ஆளுக்கு ஒரு பக்கம் பந்தயம் கட்டினார்கள். பணயமாக வைத்தது சொந்த உடம்பை!

முத்திரை இன்னும் இருக்கிறது. பத்தாவது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி என்ற கெடுவும் இருக்கிறது. நீண்ட ஒப்பந்தம் கிடைக்காத ஒவ்வொரு வீரரும், பேனாவைக் கையில் எடுக்கும்போது, அன்று பிட்ஸ்பர்க்குக்கு வராத மனிதரை ஒரு தடவை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.